டாக்டர் சொன்னது அம்மாவுக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மூன்றும் உண்டு. டாக்டர் பேசும் மொழி அவருக்குத் தெரியாது; நீங்கள்தான் கூடப் போய்ச் சொல்கிறீர்கள். அங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் எது எப்போது என்று குழம்புகிறார். ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டுக்கொண்டதும் நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு ஆப் போதுமா, வேறு என்ன செய்யலாம் என்கிறீர்கள்.

நான் மருத்துவமனைகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் வேலை பார்ப்பவன், டாக்டர் அல்ல. மருந்து பற்றி இங்கே சொல்வதை உங்கள் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்றோ அக்கறை இல்லை என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டரும் நோயாளியும் ஒரே தாய்மொழி பேசும் இடத்திலும் இதே கதைதான். டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துபோகிறது, ஞாபகம் இருப்பதாக நினைப்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பு என்கிறது 2003இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. 'சர்க்கரை கூடியிருக்கிறது' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மனசு அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் சொல்வது எதுவும் உள்ளே போவதில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2006இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்து பாட்டில்களின் லேபிளைக் காட்டினார்கள். எல்லாரும் ஆங்கிலம் பேசுபவர்கள், லேபிளும் ஆங்கிலம்தான். ஒரு லேபிளில் இருந்தது சாதாரண வரி: இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை. வாசிப்புத் திறன் குறைவாக இருந்தவர்களில் 71 சதவீதம் பேர் அந்த வரியைச் சரியாகவே திருப்பிச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று காட்டுங்கள் என்று கேட்டபோது, நான்கு என்று சரியாகக் காட்டியவர்கள் அவர்களில் 35 சதவீதம்தான். மொழி தெரியும், வரியும் ஒப்பித்தாயிற்று, ஆனாலும் கைக்கு வரும்போது கணக்கு தப்புகிறது.

மருத்துவத் தகவலைக் கேட்டு, புரிந்துகொண்டு, அதை வைத்து வீட்டில் சரியாகச் செய்ய முடிகிற திறமையை 'ஹெல்த் லிட்ரசி' என்பார்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பெர்லினில் ஒரு மருத்துவமனையில் 2006க்கும் 2007க்கும் இடையில் 47 பேருக்குச் செயற்கை மூட்டு தவறான முறையில் பொருத்தப்பட்டது. எலும்புச் சிமெண்ட் வைத்துப் பொருத்த வேண்டிய மூட்டு அது. பெட்டியில் ஆங்கிலத்தில் இருந்த குறிப்பை 'சிமெண்ட் தேவையில்லாதது' என்று படித்துவிட்டார்கள். அப்படித் தப்பாகப் படித்தவர்கள் எலும்பு சிகிச்சை நிபுணர்களும் அவர்கள் குழுவும். ஆகவே மாத்திரை அட்டையில் அம்மா தடுமாறுவதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக்காதீர்கள். வெட்கம் வந்துவிட்டால் அப்புறம் கேட்கவே மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 'புரிஞ்சுதா?' என்று யாரைக் கேட்டாலும் 'புரிஞ்சுது' என்றுதான் வரும். டாக்டருக்கு நேரமாகிறது, வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், பிள்ளையும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், இதில் நாம் வேறு ஏன் இழுக்க வேண்டும் என்ற எண்ணம். அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். நோயாளி கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வைப்பது, முடிந்தால் செய்து காட்டவும் வைப்பது, மருத்துவத் துறையில் நன்றாக நிலைபெற்ற ஒரு முறை. பரீட்சை மாதிரித் தெரியக் கூடாது. 'டாக்டர் சொன்னதை நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா, நீங்க என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க' என்று பொறுப்பை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அது அவருடைய தோல்வி ஆகாது. நீங்கள் இன்னொரு விதமாகச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் இது நடந்தால் நல்லது, தப்பு இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? எல்லா மாத்திரைகளையும் மேசையில் கொட்டுங்கள். பழைய அட்டைகள், கைப்பையில் கிடப்பவை, தைலம், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரை, ஒன்றும் பாக்கி வேண்டாம்.

'நாளைக்குக் காலைல எழுந்ததும் எதைப் போடுவீங்க? எடுத்து வைங்கம்மா.'

'இது சர்க்கரைக்கு. சாப்பிட்டப்புறம்.'

'இது?'

'பிரஷருக்கு. காலைல மட்டும்.'

'இந்த மஞ்சள்?'

'அது... பழசு. அதை நிறுத்தச் சொன்னாரா, இதுகூடச் சேர்த்துப் போடச் சொன்னாரா?'

அவர் கை நிற்கும் அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது பழையதை நிறுத்த வேண்டுமா என்று டாக்டர் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லியும் மொழிபெயர்ப்பில் நழுவியிருக்கலாம். நீங்கள் சொன்ன அந்த இரட்டை மாத்திரைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு நிறத்தில் வீட்டில் கிடக்கும். அவர் கண்ணுக்கு அவை இரண்டு வேறு மருந்துகள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அருகில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். அந்தச் சின்ன எழுத்தை வைத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பது அப்போதுதான் தெரியவரும். வயது வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 4 கிராம்தான் அதன் உச்சவரம்பு. ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு.

மூட்டுவலி என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. பட்டியலில் அது இருந்தால், எந்தக் கிழமை என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள், அதைத் தனியாக வையுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். கடையில் தானாக வாங்கிப் போடுகிறாரா என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிறத்தை வைத்து மாத்திரையை அடையாளம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறமும் மாறிவிடும். சூரியன், நிலா படம் ஒட்டுவது நல்லதுதான், ஆனால் அந்தப் படத்தை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். நிலா என்றால் இருட்டியதுமா, படுக்கப் போகும்போதா? சீட்டில் இருக்கும் சுருக்கெழுத்துகளும் அப்படித்தான். 'பிடி' (BD) என்றால் இரண்டு வேளை, 'டிடிஎஸ்' (TDS) என்றால் மூன்று வேளை, 'எஸ்ஓஎஸ்' (SOS) என்றால் தேவைப்பட்டால் மட்டும். எல்லாம் லத்தீன் சொற்களின் சுருக்கம். 'ஓடி' (OD) என்பது பொது மருத்துவரின் சீட்டில் தினம் ஒரு வேளை, கண் டாக்டரின் சீட்டில் வலது கண். மருந்து வாங்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் மொழிபெயர்ப்பது பற்றி. கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். வசதி இருக்கும் இடத்தில் அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

காரணம் உங்கள் மொழியறிவு அல்ல, பாசம்தான். அடிக்கடி நான் பார்ப்பது இது: ராத்திரி வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். அம்மா விவரமாகச் சொல்வார். படுத்தால் குடைகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, மாடி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, போன வாரம் கால்கூட வீங்கியிருந்தது. பிள்ளை டாக்டரைப் பார்த்து, 'வலி இருக்கிறதாம்' என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் போய்விட்டன. டாக்டர் இதயத்தைப் பற்றி யோசித்திருக்கக்கூடிய நேரத்தில் மூட்டுக்கு மட்டும் மருந்து எழுதுவார்.

மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மிக அதிகமாக இருந்த பிழை, தப்பாகச் சொல்வதல்ல, சொல்லாமல் விடுவது. அதே ஆய்வாளர் குழு 2012இல் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது, விபரீதமாகக்கூடிய பிழைகளின் அளவு தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் 12 சதவீதமாகவும், உறவினர் போன்ற கைக்குக் கிடைத்தவர்களிடம் 22 சதவீதமாகவும் இருந்தது. 100 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்றவர்களிடம் அது 2 சதவீதம். எங்கள் ஆட்களும் தப்பு செய்கிறார்கள் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பயிற்சிக்கு இவ்வளவு வித்தியாசம் என்றால், அந்தச் சுமையைப் பிள்ளைகள் ஏன் தூக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. பெற்ற பிள்ளை எதிரில் அம்மா சொல்லாத விஷயங்கள். சிறுநீர் கசிவது, ரத்தப்போக்கு, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு, வீட்டில் யாராவது கை நீட்டுவது. டாக்டர் கேட்டாலும், அந்தக் கேள்வி உங்கள் வாய் வழியாக வந்தால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க உட்கார வைப்பது இன்னும் மோசம். அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, உடனடி ஆபத்து இருக்கும் அவசரம் தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றது.

பல நாடுகளில் இலவச மொழிபெயர்ப்பு ஏற்பாடு இருக்கிறது, நோயாளிகளுக்குத்தான் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை 1973இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் செலவைத் தாங்களே ஏற்று மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். உங்கள் ஊரில் உண்டா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். போய் உட்கார்ந்த பிறகு கேட்டால் 'நீங்களே இருக்கிறீர்களே' என்று முடித்துவிடுவார்கள். தமிழ் என்று மட்டும் சொல்லாமல், எந்த வட்டாரத் தமிழ் அம்மாவுக்குப் பழக்கம், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரில் இல்லாவிட்டாலும் போனிலோ வீடியோவிலோ கிடைக்கலாம். அப்போது நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை. அம்மாவின் பிள்ளையாகவே பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கலாம், விட்டுப்போன கேள்வியைக் கேட்கலாம்.

யாருமே கிடைக்கவில்லை, நீங்கள்தான் என்றால், ஆரம்பத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்: இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மா 'எனக்குக் குடையுது' என்றால் நீங்களும் 'எனக்குக் குடைகிறது' என்றே சொல்லுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் 'அவங்களுக்கு' என்று ஆரம்பித்தால் சுருக்கத் தோன்றும். ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, வேறு விதமாகவோ படம் வரைந்தோ விளக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பதில் உங்களுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். இதுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம்.

அம்மாவுக்கும் ஒரு சின்னப் பயிற்சி தேவை. தமிழில் 'மயக்கமா வருது' என்று சொல்வோம். தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். டாக்டருக்கு இவை மூன்றும் வேறு வேறு திசைகள். காது, பிரஷர் மாத்திரை, சர்க்கரை இறங்குவது, இதயத் துடிப்பு என்று எங்கெங்கோ போகும். அதனால் பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொல்லட்டும்: நின்றபோதா, படுத்தபோதா, அறை சுற்றியதா, வேர்த்ததா, விழுந்தாரா, எவ்வளவு நேரம். நெஞ்சு 'ஒரு மாதிரி' இருந்தது என்றால், எரிச்சலா, அழுத்தமா, கைக்குப் பரவியதா. முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து பேசி, முக்கியமான மூன்று விஷயங்களை வரிசையாக எழுதிக் கொண்டுபோங்கள். மிக முக்கியமானது முதலில். எழுந்து கிளம்பும்போது 'அப்புறம் டாக்டர், ஒரு விஷயம்...' என்று வருவதுதான் பல நேரம் பெரிய விஷயமாக இருக்கும்.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். 2021இல் ஓர் ஆய்வு, அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் குறிப்புகளைக் கூகுள் டிரான்ஸ்லேட் எப்படி மொழிபெயர்க்கிறது என்று பார்த்தது. ஸ்பானிய மொழியில் 94 சதவீதம் சரி. ஆர்மீனிய மொழியில் 55 சதவீதம்தான். வலிக்குத் தேவைப்பட்டால் இபுப்ரோஃபென் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி, ஆர்மீனியத்தில் 'வலிக்குத் தேவையான அளவு டாங்கி எதிர்ப்பு ஏவுகணை எடுத்துக்கொள்ளலாம்' என்று வந்தது! சிரித்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் ஏவுகணையை யாரும் விழுங்க மாட்டார்கள். பயப்பட வேண்டியது, படித்தால் இயல்பாகத் தெரிகிற, 'நிறுத்தாதீர்கள்' என்பது 'நிறுத்துங்கள்' என்று மாறிவிட்ட வரிக்குத்தான். அந்த ஆய்வில் தமிழ் இல்லை. ஸ்பானியத்துக்கு வந்த மதிப்பெண்ணைத் தமிழுக்கும் போட்டுக்கொள்ள முடியாது. ஆப்கள் அதற்கப்புறம் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன, ஆனாலும் என் கணக்கு மாறவில்லை. தண்ணீர் வேண்டுமா, எக்ஸ்ரே அறை எங்கே, வலி எந்தப் பக்கம் என்பதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மருந்தின் அளவு, நோய் என்ன என்று சொல்வது, ஆபரேஷனுக்குச் சம்மதம், இந்த மூன்றுக்கும் மனிதர் வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் சின்னச் சின்ன வாக்கியமாகப் போட்டு, வந்த தமிழை மறுபடி அந்த மொழிக்குத் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தப்பும் பிடிபடாது, பெரியது சில சிக்கும்.

சம்மதப் படிவம் என்றதும் ஒன்று. வாசித்துச் சொல்லாத எதிலும் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள், 'ஃபார்மாலிட்டிதான்' என்று நர்ஸ் சொன்னாலும் சரி. என்ன செய்யப் போகிறார்கள், எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா. இவற்றுக்கு அம்மா தன் வாயால் பதில் சொல்லும் வரை காத்திருக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெரிய நோய் ஏதாவது தெரியவந்தால், 'அம்மாகிட்ட சொல்லாதீங்க' என்று மொழிபெயர்ப்பாளரிடம் கண் காட்டுவார்கள் குடும்பத்தார். எங்களால் அது முடியாது. அறையில் பேசப்படுவதை முழுசாகச் சொல்வதுதான் எங்கள் வேலை. மறைக்க நினைப்பவர்களின் மனசு புரிகிறது. ஆனால் அவருடைய உடம்பு, அவருடைய முடிவு என்பது என் கருத்து. இப்போதே, ஒன்றும் இல்லாத நேரத்தில், 'ஏதாவதுன்னா உங்ககிட்ட நேரா சொல்லணுமா, என்கிட்ட சொன்னாப் போதுமா?' என்று அவரையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'நீயே பாத்துக்கோ' என்பதும் அவர் எடுத்த முடிவுதான். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

டாக்டர் சம்மதித்தால் அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க உதவும். மருந்துப் பட்டியலின் போட்டோ ஒன்று உங்கள் போனிலும், தாள் ஒன்று அம்மாவின் பர்ஸிலும் இருக்கட்டும். ஒவ்வாமை இருந்தால் அது முதல் வரியில், அந்த ஊர் மொழியில்.

கடைசியாக, நீங்கள் வீட்டில் இல்லாத நேரம். அவசர உதவி எண்ணை அழைத்தால் அம்மாவால் என்ன சொல்ல முடியும்? அந்த ஊர் மொழியில் நாலே விஷயம் போதும்: ஆம்புலன்ஸ் வேண்டும், முகவரி, 'தமிழ்' என்று மொழியின் பெயர், 'சர்க்கரை நோயாளி' என்ற ஒரு சொல். பல நாடுகளில் அந்த மொழிப் பெயரைக் கேட்டதும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்த்துவிடுவார்கள். அந்த நாலையும் அவர்கள் மொழியின் உச்சரிப்பிலேயே, தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, போன் இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய் உங்கள் போனுக்கு அழைக்கச் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள்.